மறதி நோயும் ஆர்என்ஏவும்: ஒரு வங்கி குமாஸ்தாவின் கணக்கு

(உலக அல்சைமர் நாளான 21.9.2025 ஞாயிறு மாலை, நம் சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காகச் செயலாளர் கேட்டுக்கொண்டபடி எழுதித் தந்திருக்கிறேன். கடைசியில் உள்ள கேள்வி பதில்கள் அன்று கேட்கப்பட்டவை.)



இன்று மகாளய அமாவாசை. உங்களில் பலர் விடியற்காலையிலேயே கடற்கரைக்குப் போய்த் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்திருப்பீர்கள். நானும் போனேன். அப்பா, தாத்தா, அவருக்கு அப்பா என்று பெயர்களைச் சொல்லி முடித்த பிறகு, அண்ணன் பெயரையும் சொன்னேன். போனவர்களை நினைத்துக்கொள்ளும் நாளும், நினைவே போய்விடும் நோய்க்கான நாளும் இந்த வருடம் ஒரே தேதியில் வந்திருக்கின்றன. அதனால்தான் செயலாளர் கேட்டதும் மறுக்காமல் ஒப்புக்கொண்டேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. தாகூர் கலைக் கல்லூரியில் பி.காம். படித்து, 36 வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து, 2019-இல் ஓய்வு பெற்றவன். அண்ணன் 2023-இல் மறைந்த பிறகு இந்த நோயைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். புரியாததையெல்லாம் உயிர்த்தொழில்நுட்பம் படித்த என் தம்பி மகளிடம் கேட்டேன். அவள் விளக்கியதை எனக்குத் தெரிந்த வங்கி பாஷையில் மாற்றிச் சொல்கிறேன். இங்கே இருக்கும் டாக்டர்கள் தவறு இருந்தால் திருத்த வேண்டும்.

திரும்பி வந்த செக்

என் அண்ணன் ரோடியர் மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். காகிதத்தில் ஏஎஃப்டி என்று இருந்தாலும் நம் ஊர்க்காரர்களுக்கு அது ரோடியர் மில்தான். 2014-இல் ஒரு நாள் அவர் கொடுத்த செக் ஒன்று திரும்பி வந்தது. கணக்கில் பணம் இருந்தது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று எழுதியிருந்தார்கள். செக்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அவர் பெயரில் இரண்டு எழுத்துகள் விட்டுப்போயிருந்தன. "வயசாச்சு, கை நடுங்குது" என்று நானே காரணம் சொல்லி, நானே கூட்டிக்கொண்டு போய்ப் புது ஸ்பெசிமன் கையெழுத்து கொடுக்க வைத்தேன். ரெக்கார்டு சரியாகிவிட்டது. ஆயிரக்கணக்கான கையெழுத்துகளைப் பார்த்த கண்ணுக்கு, சொந்த அண்ணனின் கையெழுத்து ஏன் மாறியது என்று கேட்கத் தோன்றவில்லை.

பிறகு ஒரே காலையில் பெரிய மார்க்கெட்டுக்கு இரண்டு முறை போய் இரண்டு முறை மீன் வாங்கி வந்தார். அண்ணி சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். நரம்பியல் டாக்டரிடம் போனது 2017-இல். மூன்று வருடம் வீணாகிவிட்டது.

2020 ஏப்ரலில் மில் அதிகாரபூர்வமாக மூடப்பட்டது. அதற்குப் பிறகுதான் அண்ணன் தினமும் ஷிப்டுக்குக் கிளம்ப ஆரம்பித்தார். காலை ஆறு மணிக்குக் காலி டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு முதலியார்பேட்டை பக்கம் நடப்பார். பின்னாலேயே யாராவது ஓட வேண்டும்.

இந்த நோய்க்குப் பெயர் கொடுத்த ஜெர்மன் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர், 1901-இல் பிராங்க்பர்ட் நகரில் அகுஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைப் பரிசோதித்தார். பெயரை எழுதச் சொன்னபோது அவர் முதல் சொல்லை எழுதிவிட்டு மிச்சத்தை மறந்துவிட்டார் என்று அந்த மருத்துவக் குறிப்பில் இருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு அந்தச் செக்தான் கண் முன்னால் வந்தது. 1906-இல் அந்தப் பெண் இறந்த பிறகு, அவருடைய மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார் அல்சைமர். நரம்பணுக்களுக்கு வெளியே ஒருவிதப் படிவு, உள்ளே முறுக்கிக்கொண்ட நூல்கள். படிவு அமிலாய்டு என்ற புரதத்தால் ஆனது, நூல்கள் டௌ என்ற புரதத்தால் ஆனவை என்று பின்னால் கண்டுபிடித்தார்கள்.

நம் நாட்டில் எத்தனை பேருக்கு? 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருக்கிறது என்கிறது. சுமார் 88 லட்சம் பேர். மறதி நோய்களில் மிகப் பரவலானது அல்சைமர். இந்தக் கூட்டத்தில் நூறு மூத்தவர்கள் இருந்தால் ஏழு பேர் என்று கணக்கு.

நான் பயந்து செய்த காரியம்

அண்ணன் போன பிறகு எனக்கு என்னைப் பற்றிப் பயம் வந்தது. சாவியை வைத்த இடம் மறந்தால்கூட நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் வாட்ஸ்ஆப்பில் ஒரு விளம்பரம். "ஒரு சிறு ரத்த மாதிரி போதும், ஆர்என்ஏ பரிசோதனை மூலம் அல்சைமர் வருமா என்று முன்கூட்டியே அறியலாம்." நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு என்றும் போட்டிருந்தது. யாரையும் கேட்காமல் 14,500 ரூபாய் கட்டினேன். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்று வாரத்தில் இரண்டு பக்க அறிக்கை வந்தது. மேல்நோக்கி நான்கு அம்புக்குறி, கீழ்நோக்கி மூன்று அம்புக்குறி, கடைசியில் சிவப்பு எழுத்தில் "அபாயம் கூடுதல்".

இரண்டு வாரம் நான் தூங்கவில்லை. வீட்டில் சொல்லவும் இல்லை. கடைசியில் தம்பி மகளுக்குப் போன் செய்தேன். "பெரியப்பா, பணம் கட்டறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். அப்புறம் அந்த வார இறுதியில் வந்து, ஆர்என்ஏ என்றால் என்ன என்று எனக்குப் பாடம் நடத்தினாள். அந்தப் பாடத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

ஸ்ட்ராங் ரூம், வவுச்சர், ஸ்டாப் பேமெண்ட்

ஆர்என்ஏ என்ற சொல் நமக்குக் கொரோனா காலத்தில் பழக்கமானது. மூக்கில் குச்சி விட்டு எடுத்த ஆர்டி-பிசிஆர் சோதனை தேடியது வைரஸின் ஆர்என்ஏவைத்தான்.

நம் உடம்பின் ஒவ்வொரு அணுவையும் ஒரு வங்கிக் கிளை என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏ என்பது ஸ்ட்ராங் ரூமில் இருக்கும் மூலப் பதிவேடு. அதை வெளியே எடுத்துவர மாட்டார்கள். ஏதாவது வேலை நடக்க வேண்டும் என்றால், தேவையான பக்கத்தை மட்டும் ஒரு சீட்டில் நகல் எடுத்து வெளியே அனுப்புவார்கள். அந்தச் சீட்டுதான் தூது ஆர்என்ஏ. சீட்டு கவுண்டருக்கு வந்ததும், அதில் எழுதியிருக்கிறபடி பணம் பட்டுவாடா ஆகும். அந்தப் பணம்தான் புரதம். வவுச்சர் வந்தால் பேமெண்ட். இதுதான் அடிப்படை.

இப்போது கணக்கைப் பாருங்கள். மனிதப் பதிவேட்டில் சுமார் 300 கோடி எழுத்துகள். புரதம் செய்வதற்கான மரபணுக்கள் சுமார் 20,000 மட்டுமே. எழுத்துகளின் எண்ணிக்கையில் பார்த்தால் புரதத்துக்கான குறிப்பு இரண்டு சதவீதம்கூடத் தேறாது. மிச்சம் எதற்கு? 1972-இல் சுசுமு ஓனோ என்ற விஞ்ஞானி அதைக் குப்பை டிஎன்ஏ என்றே குறிப்பிட்டார். அந்தப் பெயர் பல வருடம் நிலைத்துவிட்டது.

ஆனால் ஒரு வங்கிக் கிளையில் இருக்கும் காகிதங்களில் எத்தனை சதவீதம் பேமெண்ட் வவுச்சர்? கொஞ்சம்தான். ஸ்பெசிமன் கார்டு, லிமிட் ரெஜிஸ்டர், தலைமை அலுவலகச் சுற்றறிக்கை, ஸ்டாப் பேமெண்ட் கடிதம் இவையெல்லாம் ஒரு பைசாவும் பட்டுவாடா செய்யாது. ஆனால் எந்த வவுச்சர் பாஸாக வேண்டும், எது ஆகக் கூடாது என்று தீர்மானிப்பது அவைதான். அதேபோல அந்தக் குப்பை என்று சொன்ன பகுதியிலிருந்தும் ஏராளமான ஆர்என்ஏ சீட்டுகள் நகல் எடுக்கப்படுகின்றன. அவற்றைக் கொண்டு புரதம் செய்ய முடியாது. புரதம் செய்யும் சீட்டுகளைக் கட்டுப்படுத்தும் வேலையைப் பல சீட்டுகள் செய்கின்றன. இவற்றைக் குறியீடற்ற ஆர்என்ஏ என்கிறார்கள். எல்லாச் சீட்டுக்கும் வேலை உண்டு என்றும் சொல்லிவிட முடியாது. நம் ரெக்கார்டு ரூம்களில் யாருக்கும் வேண்டாத பழைய கட்டுகளும் இருந்தனவே, அதுபோல இங்கேயும் உண்டு. எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது.

இவற்றில் மிகச் சின்ன வகைகளில் ஒன்று மைக்ரோ ஆர்என்ஏ. சுமார் 22 எழுத்துகள்தான். 1993-இல் அமெரிக்காவில் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரும் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் இதைக் கண்டுபிடித்தார்கள். புழுவுக்குத்தானே என்று பலர் விட்டுவிட்டார்கள். 2000-இல் இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏ கிடைத்தது. அது மனிதன் உட்படப் பல விலங்குகளிலும் இருந்தது. 2024-இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. விளம்பரத்தில் போட்டிருந்த நோபல் பரிசு இதுதான். பரிசு உண்மை. ஆனால் அந்தக் கண்டுபிடிப்புக்கும் 14,500 ரூபாய்ச் சோதனைக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைத்தான் நான் அன்று தெரிந்துகொண்டேன்.

மைக்ரோ ஆர்என்ஏ செய்யும் வேலை ஸ்டாப் பேமெண்ட். தூது ஆர்என்ஏவின் எழுத்துகளோடு தன் எழுத்துகள் பொருந்தினால் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் அந்தச் சீட்டு பாஸாகாது, அல்லது கிழிக்கப்பட்டுவிடும். ஒரே மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான சீட்டுகளைக் கட்டுப்படுத்தக்கூடும்.

கட்டுப்பாடு தளர்ந்தால்

அல்சைமர் நோயில் என்ன நடக்கிறது? அமிலாய்டு படிவு உருவாக, ஒரு பெரிய புரதத்தை முதலில் வெட்ட வேண்டும். வெட்டும் நொதியின் பெயர் பேஸ்-1. இந்த நொதி நமக்குத் தேவையானதுதான், ஆனால் அளவோடு. அந்த அளவைக் காப்பாற்றும் ஸ்டாப் பேமெண்ட் சீட்டுகளில் ஒன்று மைக்ரோ ஆர்என்ஏ-29. பேஸ்-1 அதிகமாக இருந்த சில அல்சைமர் நோயாளிகளின் மூளையில் இந்தச் சீட்டு குறைந்திருப்பதைப் பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள்.

அதே 2008-இல் இன்னொரு கண்டுபிடிப்பு. பேஸ்-1 மரபணு இருக்கும் அதே இடத்தில், எதிர்ப்பக்க இழையிலிருந்து ஒரு நீளமான குறியீடற்ற ஆர்என்ஏ எழுதப்படுகிறது. பேஸ்-1 ஆன்டிசென்ஸ் என்று அதற்குப் பெயர். அது பேஸ்-1 சீட்டோடு சேர்ந்துகொண்டு, சீட்டு சீக்கிரம் அழிந்துபோகாமல் பாதுகாக்கிறது. ஒரு வவுச்சரை லேமினேட் செய்து, திரும்பத் திரும்ப பேமெண்ட் வாங்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் இந்த ஆர்என்ஏ அதிகமாக இருந்தது. இன்னும் மோசம், அமிலாய்டு சேரச்சேர அணுவுக்கு நெருக்கடி ஏற்பட்டு இந்த ஆர்என்ஏ மேலும் கூடுகிறது. அது கூடினால் நொதி கூடும், நொதி கூடினால் அமிலாய்டு கூடும். வட்டிக்கு வட்டி. கடன் எப்படி ஏறும் என்று நம்மில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

அப்படியானால் அந்த நொதியையே நிறுத்திவிட்டால் என்ன? இந்தக் கேள்வி எனக்கும் வந்தது, பெரிய மருந்து நிறுவனங்களுக்கும் வந்தது. பேஸ்-1 நொதியைத் தடுக்கும் மாத்திரைகளைச் செய்து ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்தார்கள். வெருபெசெஸ்டாட் என்ற மாத்திரையின் சோதனைகள் 2017-லும் 2018-லும் நிறுத்தப்பட்டன. பலன் இல்லை. அதைவிட, ஆரம்ப நிலையில் மருந்து எடுத்துக்கொண்டவர்களின் நினைவுத் திறன் எடுக்காதவர்களைவிடக் கொஞ்சம் மோசமானது. காரணம், அந்த நொதிக்கு மூளையில் வேறு வேலைகளும் உண்டு. மோசடி நடக்கிறது என்று கவுண்டரையே மூடினால் நியாயமான வாடிக்கையாளருக்கும் பணம் கிடைக்காது. கட்டுப்பாடு எங்கே தளர்ந்தது என்று பார்த்து அதைச் சரிசெய்ய வேண்டும். குறியீடற்ற ஆர்என்ஏ ஆய்வுகள் மேல் விஞ்ஞானிகளுக்கு நம்பிக்கை இருப்பது இதனால்தான்.

இன்னும் இரண்டைச் சொல்லி இந்தப் பகுதியை முடிக்கிறேன். மைக்ரோ ஆர்என்ஏ-132 என்பது அல்சைமர் மூளையில் குறைந்துபோவதாகப் பல ஆய்வுகளில் தெரியவந்தது. 2021-இல் அதை அல்சைமர் மாதிரி எலிகளின் மூளையில் திரும்பச் சேர்த்தபோது, நினைவு மையத்தில் புது நரம்பணுக்கள் உருவாவது மீண்டது, நினைவுக் குறையும் சீரானது. 2023-இல் மனித நரம்பணுக்களை எலி மூளையில் வளர்த்துப் பார்த்தார்கள். மெக்-3 என்ற நீள ஆர்என்ஏ அதிகமானால் அந்த அணுக்கள் தாமாகவே மடியத் தொடங்கின. அதைத் தடுத்தபோது பிழைத்தன. இரண்டுமே பெல்ஜியத்தின் லூவென் நகர ஆய்வுக் குழுவின் வேலை. நல்ல செய்திதான். ஆனால் எலிகளில் கிடைத்த வெற்றி.

சோதனை ஏன் இன்னும் வரவில்லை?

என் அறிக்கையிலிருந்த அம்புக்குறிகளுக்கு வருகிறேன். அவை ரத்தத்தில் இருந்த மைக்ரோ ஆர்என்ஏக்களின் அளவு. தம்பி மகள் மூன்று காரணம் சொன்னாள்.

முதலாவது, ரத்தத்தில் மிதக்கும் மைக்ரோ ஆர்என்ஏக்களில் பெரும்பகுதி ரத்த அணுக்களிலிருந்தே வருகிறது. மூளைச் செய்தி அதற்குள் எங்கேயோ ஒரு மூலையில். மாதிரியில் சில சிவப்பணுக்கள் உடைந்தாலே கணக்கு மாறிவிடும். எடுத்த ரத்தத்தை எத்தனை மணி நேரம் எப்படி வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தும் மாறும்.

இரண்டாவது, ஓர் ஆய்வில் கூடியிருக்கும் ஆர்என்ஏ, இன்னோர் ஆய்வில் குறைந்திருக்கிறது. இரண்டு கிளைகளின் லெட்ஜர் டேலி ஆகாதபோது எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். எந்த அளவு சரி, எது அபாயம் என்று ஒப்புக்கொண்ட வரம்பு எதுவும் இல்லை.

மூன்றாவது, இறந்தவரின் மூளையில் ஓர் ஆர்என்ஏ குறைந்திருந்தால், அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. தீப்பிடித்து அணைந்த கிளைக்குள் போய் லெட்ஜரைப் பார்ப்பதுபோல.

2025 மே மாதம் அமெரிக்க அரசு அல்சைமருக்கான முதல் ரத்தச் சோதனையை அனுமதித்தது. அது அளப்பது டௌ, அமிலாய்டு புரதங்களை. ஆர்என்ஏவை அல்ல. அதுவும் 55 வயதைக் கடந்து, அறிகுறி உள்ளவர்களுக்கு, டாக்டரின் பரிசோதனையோடு சேர்த்துப் பார்க்க. என்னைப்போல பயந்துபோய்ப் பணம் கட்டுகிறவர்களுக்கு அல்ல.

மருந்தும் அப்படித்தான். ஆர்என்ஏ வழியில் வேலை செய்யும் மருந்துகள் வேறு சில நோய்களுக்கு வந்துவிட்டன. 2016-இல் குழந்தைகளின் முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய்க்கு ஒன்று, 2018-இல் நரம்புகளைப் பாதிக்கும் ஓர் அரிய பரம்பரை நோய்க்கு ஒன்று. அதனால் இது வெறும் கனவு இல்லை. ஆனால் மூளையைச் சுற்றி ரத்தக் குழாய்களில் ஒரு கடுமையான காவல் இருக்கிறது. மருந்து அதைத் தாண்ட வேண்டும். தாண்டினாலும், நூறு சீட்டுகளைக் கட்டுப்படுத்தும் ஒன்றை மாற்றினால் மற்ற தொண்ணூற்றொன்பதுக்கு என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். ஆகவே, "ஆர்என்ஏ நினைவாற்றல் மருந்து" என்று யாராவது இன்று விற்றால், தயவுசெய்து பர்ஸை உள்ளே வையுங்கள்.

நம் கையில் இருப்பது

அந்த அறிக்கையோடு நான் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனேன். அவர் அதைப் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். மூன்று சொற்களைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். வீட்டுக்காரியைத் தனியாகக் கூப்பிட்டு என்னைப் பற்றி விசாரித்தார். தைராய்டு, பி-12, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார். கடைசியில், "உங்களுக்கு மறதி நோய் இல்லை, காதுதான் சரியாகக் கேட்கவில்லை. கேட்காததை எப்படி நினைவில் வைப்பீர்கள்?" என்றார். இதோ, காதில் மாட்டியிருக்கிறேன். நான்கு வருடமாக வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்ட மெஷின் இது.

2024-இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு, நாம் மாற்றக்கூடிய 14 அபாயக் காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலக அளவில் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று மதிப்பிட்டது. நம் வயதுக்குப் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன். காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, அதிக மது, உடல் உழைப்பின்மை, மனச்சோர்வு, தலையில் அடி, தனிமை. கண்புரையைத் தள்ளிப்போடாதீர்கள். ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டரை எடுக்காதீர்கள். தினமும் மாலையில் கடற்கரைச் சாலைக்குப் போங்கள், தனியாக அல்ல, யாரையாவது கூட்டிக்கொண்டு.

சந்தேகம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். பி-12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாகத் தோன்றும். இவை சரிசெய்யக்கூடியவை. 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் நம் ஊரிலேயே இருக்கிறது. அங்கே நரம்பியல் துறையும் மனநலத் துறையும் உண்டு. முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் அரசின் இலவச எண்கள். குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். நான் சொன்ன கண்டுபிடிப்புகளில் பல, இறந்த பிறகு மூளையைத் தானமாகக் கொடுத்தவர்களால் சாத்தியமானவை.  பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995-இல் டாக்டர் எஸ்.கே. சங்கர் முயற்சியில் தொடங்கிய மூளைத் திசு வங்கி இருக்கிறது. அதே பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில் 45 வயதைக் கடந்த கிராம மக்களைப் பல வருடங்களுக்குத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வை நடத்துகிறது. பத்தாயிரம் பேர் இலக்கு. நோய் வருவதற்கு முன்பிருந்தே பார்த்தால்தான் காரணம் எது, விளைவு எது என்று பிரிக்க முடியும். நம்மவர் உடம்பைப் பற்றி நம் ஊரில் செய்யும் ஆய்வு இது. 36 வருடம் வங்கியில் இருந்தவனுக்கு டெபாசிட் இல்லாமல் வங்கி நடக்காது என்று தெரியும். அண்ணன் விஷயத்தில் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. என் விஷயத்தில் வீட்டில் பேசத் தொடங்கியிருக்கிறேன். நீங்களும் பேசுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று. நான் கவுண்டரில் இருந்தபோது ஒரு பென்ஷன்தாரர் வருவார். வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. மாதத்தின் முதல் தேதி பென்ஷன் வாங்கிக்கொண்டு போவார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து, "பென்ஷன் வந்துடுச்சா?" என்று கேட்பார். பாஸ்புக்கைக் காட்டி அனுப்புவேன். மறுபடி வருவார். ஒரு நாள் வரிசை வாசல்வரை நின்றது. எல்லோர் முன்னாலும், "காலையிலதானே கொடுத்தேன், திரும்பத் திரும்ப வந்து உயிரை வாங்கறீங்களே" என்று கத்திவிட்டேன். அவர் பாஸ்புக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் மகன்தான் வந்தார்.

அந்தச் சமயத்தில் எனக்கு இந்த ஆர்என்ஏ எதுவும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவருக்கு மருந்து கொடுத்திருக்க முடியாது. ஆனால் பாஸ்புக்கை நான்காவது முறையும் காட்டியிருக்கலாம். நம் குடியிருப்பில் யாராவது ஒரே கேள்வியை நான்காவது முறை கேட்டால், நான்காவது முறையும் பதில் சொல்லுங்கள். அவர் வீட்டாரிடம் மெதுவாக விஷயத்தைச் சொல்லுங்கள். நான் என் அண்ணன் விஷயத்தில் செய்ததுபோல ஸ்பெசிமன் கையெழுத்தை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடாதீர்கள்.



கேள்வி நேரம்

அப்பாவுக்கு இருந்தால் எனக்கும் கட்டாயம் வருமா?

கட்டாயம் இல்லை. நேரடியாக மரபணுக் கோளாறால் வாரிசுகளுக்கு இறங்கும் வகை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே வரும். அப்போஇ-4 என்ற மரபணு வகை இருந்தால் வாய்ப்பு கூடும். ஆனால் அது இருந்தும் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு.

புதிதாக ஊசி மருந்து வந்திருக்கிறதாமே?

லெகனெமாப், டோனனெமாப் என்று இரண்டு. அமெரிக்காவில் 2023-லும் 2024-லும் அனுமதி கிடைத்தது. மூளையிலிருந்து அமிலாய்டை நீக்குகின்றன. ஆரம்ப நிலையில் நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கின்றன. நோயைத் திருப்பிவிடுவதில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ ஏற்படலாம் என்பதால் ஸ்கேன் எடுத்துக்கொண்டே கொடுக்க வேண்டும். இவையும் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தவர்களுக்குத்தான்.

மில்லுக்குப் போகணும் என்று அண்ணன் கிளம்பியபோது நீங்கள் என்ன சொல்வீர்கள்?

முதலில் நான் உண்மையைச் சொல்வேன். "மில்லை மூடிட்டாங்க அண்ணே" என்பேன். ஒவ்வொரு முறையும் அன்றுதான் கேள்விப்பட்டவர்போல உடைந்துபோவார். மறுநாள் மறுபடி கிளம்புவார். மறுபடி சொல்வேன், மறுபடி அழுவார். அண்ணிதான் ஒரு நாள் என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த கேரியரை வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு வார லீவுங்க, காபி குடிச்சிட்டு உட்காருங்க" என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தினமும் வார லீவுதான்.